உரக்க வாசித்த ஞாயிறுகள்

நூலக வேலையை விட்டு வெகுநாளான என்னைத் தேடி போன மாதம் ஒரு பெண் வந்தாள். ஈப்போவில் ஒரு நூலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி கேட்டாள்.

“அம்மா, நேத்து ஒருத்தர் மேசைக்கு முன்னால நின்னுக்கிட்டே அழுதுட்டாரு. மகன் செத்துப் போயிட்டானாம். அவன் எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாரு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. உங்க காலத்துல நீங்க என்ன சொல்லுவீங்க?”

“ஒண்ணும் சொல்லமாட்டோம்” என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தது இதற்குத்தானா என்று நினைத்திருப்பாள். காப்பி குடித்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. ஒன்றும் சொல்லமாட்டோம் என்றால் ஒன்றும் செய்யமாட்டோம் என்று அர்த்தமில்லையே. அதை எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்தேன்.

நான் ஈப்போ வாசகசாலைக்குள் முதலில் நுழைந்ததும் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் சரக்குக் குமாஸ்தா. ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் ஒரு வாடகை அறையில் குடியிருந்தோம். கல்யாணமாகி மலாயாவுக்குக் கப்பலேறி வந்து இரண்டு தீபாவளிதான் பார்த்திருந்தோம். அவருக்கு மலைக்காய்ச்சல் கண்டது. பத்து காஜா என்ற ஊரின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அறையை ஒழித்தபோது அவருடைய பெட்டிக்கு அடியில் அந்தப் புத்தகம் இருந்தது. அட்டைக்குள் வாசகசாலை முத்திரை இருந்தது. தேனீ வளர்ப்பைப் பற்றியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு நாளும் அவர் தேனீயைப் பற்றிப் பேசியது கிடையாது. அந்த ஒற்றை அறையில் தேனீப் பெட்டியை எங்கே வைப்பதாக இருந்தார்? என் தலைமேலா? அப்படி நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. கேட்பதற்கு அவர் இல்லை.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி வாசலில் வந்து நின்றதும் மண்டபத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பெண்கள் அங்கே வருவதில்லை. வரக்கூடாது என்று சட்டம் ஒன்றுமில்லை, வந்ததில்லை, அவ்வளவுதான்.

மேசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். நூலகர் கந்தையா. யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, காலில் ஓசை வராத துணிச் செருப்பு. புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். எடுத்தவர் பெயரைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஐயோ என்றோ பாவம் என்றோ சொல்லவில்லை.

“அவர் வாசிச்சு முடிச்சவரோ?” என்று கேட்டார்.

“தெரியாதுங்க ஐயா.”

“அப்ப நீங்கள் வாசிச்சு முடியுங்கோ.”

மண்டபத்துக்குப் பின்னால் கிழிந்த புத்தகங்களை ஒட்டும் ஓர் அறை இருந்தது. அங்கே கூட்டிப்போய், நாற்காலியைத் துடைத்துப் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம்வரை யாரும் என்னை எட்டிப் பார்க்கவில்லை. புந்தோங்கில் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் என்னைத் தேற்றியே களைக்க வைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த அறையில் என்னை யாரும் தேற்றவில்லை. ராணித் தேனீயைப் பற்றி ஓர் அத்தியாயம் படித்தேன். அவர் இதைப் படித்தபோது எங்கே நிறுத்தியிருப்பார், எதைப் பார்த்து வியந்திருப்பார் என்று ஒவ்வொரு வரியிலும் தேடினேன். செத்தவரோடு ஒரு மத்தியானம் பேசிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன்.

சில வாரம் போனதும் கந்தையா ஐயா என் முன்னால் பசைக் கிண்ணத்தையும் தூரிகையையும் கொண்டுவந்து வைத்தார்.

“பிள்ளை, சும்மா இருக்கிறதிலும் இது நல்லது. சம்பளம் கொஞ்சம்தான். சம்மதமோ?”

அப்படித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவதுவரை படித்திருந்தேன். அது போதுமாக இருந்தது. வேலை பழகிய கதையை நீட்ட வேண்டியதில்லை. பசையில் மயில்துத்தம் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி தின்றுவிடும். முதுகு பிய்ந்த புத்தகத்தை மஸ்லின் துணி வைத்து ஒட்டி, மேலே மரக்கட்டையை ஏற்றி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் பக்கங்களில் பூஞ்சை படியும். வெயில் வரும் நாளாகப் பார்த்து விரித்து வைக்க வேண்டும். இவ்வளவுதான்.

ஆனால் திரும்பி வரும் புத்தகத்தைப் பார்ப்பதற்கு ஐயா ஒரு முறை வைத்திருந்தார். அதைச் சொல்லியாக வேண்டும். முதலில் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். புத்தகத்தை மேசைமேல் மல்லாத்தி, அட்டைமுதல் அட்டைவரை ஒவ்வொரு தாளாகப் புரட்ட வேண்டும். அழுக்கு விரல் பட்ட இடத்தைக் காய்ந்த ரொட்டியின் வெள்ளைப் பகுதியால் மெல்லத் தேய்த்தால் போய்விடும். பக்கத்தின் மூலையை யாராவது மடித்திருந்தால் அதை நிமிர்த்தி, மாட்டு எலும்பில் செய்த தகட்டால் மடிப்பே தெரியாதபடி நீவிவிட வேண்டும். மூலை மடிப்பதென்றால் ஐயாவுக்கு ஆகாது. “இது புத்தகத்தின்ர காதைத் திருகிறது” என்பார்.

அதைவிட ஆகாதது சத்தம். சுவர்க்கடிகாரத்தின் மணிநாக்கில் துணி சுற்றி வைத்திருந்தார். யாராவது இருமினால் தம்ளரில் தண்ணீரோடு போய் நிற்பார். பேப்பரைச் சரசரக்காமல் திருப்புவது எப்படி என்று நாற்பது வயது ஆளுக்கும் நின்று காட்டிக் கொடுப்பார். “அமைதி” என்று எழுதிய பலகையைத் தன் கையாலேயே வர்ணம் தீட்டி மண்டபத்தின் நடுவில் மாட்டியிருந்தார்.

திரும்பி வரும் புத்தகங்களில் சில புகைவாசத்தோடு வரும். ரப்பர் ஷீட்டைப் புகைபோடும் கூடத்தின் வாசம். பத்து காஜாவைத் தாண்டி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து வரும் முனியன் என்ற மாட்டுவண்டிக்காரர் எடுத்துப் போனவை அவை. ஈப்போவுக்கு ஷீட் ஏற்றி வரும் நாளில் மாட்டை மரநிழலில் கட்டிவிட்டு உள்ளே வந்து, எப்போதும் கதைப்புத்தகமாகக் கேட்டு வாங்குவார். நெடுநெடுவென்று இருப்பார், பேச்சு குறைவு. அவர்தான் படிக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

ஒருமுறை தவணை தாண்டியும் புத்தகம் வரவில்லை. பிறகு ஒரு நாள் கொண்டுவந்தார். ஐயா வெளியே போயிருந்ததால் நான் வாங்கினேன். தாடி வளர்ந்திருந்தது. நான் வழக்கம்போலப் பக்கத்தைப் புரட்டினேன். பாதிக்குச் சற்று அந்தப் பக்கம் ஒரு மூலை மடிந்திருந்தது. எலும்புத் தகட்டை எடுத்தேன்.

“அம்மா, வேணாம்!” என்று மேசைமேல் கையை வைத்துவிட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. “அத நிமித்திராதீங்க. அவ அங்கதான் நிப்பாட்டுனா.”

“யாரு?”

“எம் பொஞ்சாதி. அஞ்சலை.”

பின்னறைக்குக் கூட்டிப் போனேன். தண்ணீர் கொடுத்தேன். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவருக்கு எழுத்துத் தெரியாது. அஞ்சலை அனாதைப் பெண். கன்னியாஸ்திரீகள் வளர்த்துப் படிக்க வைத்திருந்தார்கள். கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்த பிறகு, ரப்பர் மரம் சீவி முடித்துச் சோறாக்கி இறக்கிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் தோட்டத்துக் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் வாசலில் உட்கார்ந்து கதை வாசிப்பாளாம். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கூடிவிடுவார்களாம். பிள்ளைப்பேற்றில் அவளும் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை.

“பொஸ்தகத்தக் குடுத்துடலாம்னு மூணு தடவ வண்டில வச்சேன். முடியல” என்றார். பிறகு கேட்டார்: “அம்மா, அந்தப் புள்ள கப்பல் ஏறுனுச்சா இல்லியா?”

எனக்கு முதலில் புரியவில்லை. கதையைக் கேட்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. காணாமல்போன அண்ணனைத் தேடிக் கடல்கடந்து போகப் புறப்பட்ட ஒரு பெண்ணின் கதை அது. மடித்த பக்கத்தைப் பார்த்தேன். அவள் துறைமுகத்துக்குள் ஓடி வருகிறாள். கப்பலில் ஏறும் பலகையை இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த இடத்தில் அஞ்சலை புத்தகத்தை மூடியிருந்தாள்.

என்னை அந்த அறையில் உட்கார்த்தி ஐயா ஜன்னலைத் திறந்துவிட்டது நினைவுக்கு வந்தது. ஆனால் இவருக்கு நாற்காலியும் புத்தகமும் கொடுத்தால் போதாதே. பின்கதவைத் திறந்துவைத்தேன். அவர் வெளியே சந்தில் ஒரு சாமான் பெட்டிமேல் உட்கார்ந்தார். நான் உள்ளே உட்கார்ந்து, மடித்த பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “கோவிச்சுக்காதீங்கம்மா, நீங்க ரொம்ப வேகமா போறீங்க” என்றார். “அவ மெல்ல வாசிப்பா. கெட்டவன் பேசுற எடத்துல கொரல மாத்துவா. அப்பத்தான் யாரு பேசுறாங்கன்னு தெரியும்.”

கப்பல் முதலாளி பேசுகிற இடம் வந்ததும் நானும் குரலைக் கட்டையாக்கிப் பார்த்தேன். தவளை கத்துவது போல வந்தது. முனியன் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு இன்னொரு மனுஷர் எதிரில் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

வண்டி வரும் நாளெல்லாம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தேன். ஐயாவுக்குத் தெரியும். மண்டபத்துக்கும் பின்னறைக்கும் நடுவில் இருந்த கதவை மட்டும் சாத்திவிட்டுப் போவார்.

துணிக்கடை சோமசுந்தரம் என்று ஒருவர் வாசகசாலைக் கமிட்டியில் இருந்தார். ஒரு நாள் சந்து வழியாகப் போனவர் எங்களைப் பார்த்துவிட்டார். அந்த வாரமே கமிட்டி கூடியது. என்னையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். ஊருக்கு வந்துவிடு என்று மைத்துனர் முறைக்காரர்கள் ஏற்கெனவே ஆள்மேல் ஆள் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த வேலை போனால் நாகப்பட்டினத்துக் கப்பல்தான். அங்கே ஓர் அடுப்படி மூலையும், மிச்ச ஆயுளும்.

“நான் யாரையும் தப்பாச் சொல்லல” என்று தொடங்கினார் சோமசுந்தரம். “ஆனா பாருங்க, ஒரு விதவைப் பொண்ணு, ஒரு வண்டிக்காரன், பின்கட்டுல ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு. ஊரு வாய மூட முடியுமா? வாசகசாலைக்குக் கெட்ட பேரு. அந்தம்மாவ நிறுத்திடுவோம்.”

இரண்டொருவர் தலையாட்டினார்கள். கந்தையா ஐயா எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசியே நான் பார்த்ததில்லை.

“மண்டபத்தில உரத்து வாசிக்கக் கூடாதெண்டு சட்டம் எழுதினது நான்” என்றார். “பிள்ளை மண்டபத்தில வாசிக்கேல்லை. சட்டம் மீறேல்லை.”

“சட்டத்த யாரு கேட்டா? பின்னால ஒளிஞ்சு நடக்குறதத்தான் நான் சொல்றேன்.”

“ஓம். அதைத்தான் நானும் யோசிச்சனான்.” ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பின்னால நடக்கிறதுதான் குறையெண்டால், முன்னால நடக்கட்டும். ஞாயிறு பின்னேரம் மண்டபத்தில, எல்லாரும் கேக்க, பிள்ளை வாசிக்கட்டும். நான் பக்கத்தில இருக்கிறன். ஆரும் வரலாம். நீங்களும் வாருங்கோ.”

“அமைதின்னு பலக மாட்டினதே நீங்கதானே ஐயா?” என்று ஒருவர் கேட்டார்.

“கழட்டத் தெரியாதவன் மாட்டக் கூடாது” என்றார் ஐயா.

சிரிப்பில் கூட்டம் முடிந்தது. சோமசுந்தரம் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐயா ஸ்டூல் போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினார். மணிநாக்குத் துணியை மட்டும் விட்டுவைத்தார். நான் மேசைக்குப் பின்னால் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பேப்பர் படிக்கிறவர்கள் நாலைந்து பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு மூலையில் இருந்தார்கள். சோமசுந்தரம் முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு. முனியனைக் காணவில்லை. ஊர்ப்பேச்சு காதில் விழுந்து, வராமல் இருந்துவிட்டாரோ என்று வாசலையே பார்த்தேன்.

அப்போது வாசலில் சலங்கைச் சத்தம் கேட்டது. கங்காணியிடம் கெஞ்சி வண்டியை வாங்கிக்கொண்டு முனியன் வந்திருந்தார். தனியாக வரவில்லை. வண்டி நிறைய ஆட்கள். அஞ்சலை வாசிக்கக் கேட்டுப் பழகிய லயத்துச் சனம். பெண்கள்தான் அதிகம். குளித்து, தலைசீவி, இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, கோயிலுக்கு வருகிற மாதிரி வந்திருந்தார்கள். செருப்பில்லாத காலை எப்படி உள்ளே வைப்பது என்று வாசலில் தயங்கினார்கள். ஐயா போய், “வாருங்கோ, இதில இருங்கோ” என்று நாற்காலிகளைக் காட்டினார். நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானும் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தேன்.

“மொதல்லேருந்து வாசிக்கட்டுமா, அஞ்சலை விட்ட எடத்துலேருந்தா?” என்று கேட்டேன்.

“விட்ட எடத்துலேருந்து தங்கச்சி” என்றாள் மாரியாயி. அஞ்சலையின் பக்கத்து வீட்டுக்காரி, நடுவயசு. “அந்தப் புள்ள இத்தன நாளா கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல நிக்குது. மொதல்ல அத ஏத்தி விடு.”

மெல்ல வாசித்தேன். அந்தப் பெண் பலகையில் கால் வைத்ததும் மாரியாயி “அப்பாடி!” என்று பெருமூச்சு விட்டாள். கப்பல் முதலாளி வந்தான். முனியனைப் பார்த்தேன். ‘செய்யுங்க’ என்பதுபோலத் தலையை அசைத்தார். தவளைக் குரலை எடுத்துவிட்டேன். சனம் கொல்லென்று சிரித்தது. அந்த ஆள் அண்ணனைத் தெரியும் என்று பொய் சொல்லும் இடத்தில், “நம்பாதடி, அவன் புளுகுறான்!” என்று ஒருத்தி கத்தினாள். “அவளுக்கு எப்படிடீ கேக்கும்?” என்று இன்னொருத்தி அதட்டினாள். லயத்தில் அஞ்சலை வாசித்தபோதும் இப்படித்தான் கத்துவார்களாம்.

கந்தையா ஐயா ஜன்னலோரம் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். ஒவ்வொரு கூச்சலுக்கும் அவர் தோள் திடுக்கிடும். ஆனாலும் நகரவில்லை. மூலையிலிருந்த பேப்பர்காரர்களில் ஒருவர் எப்போதோ நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பியிருந்தார். சோமசுந்தரத்தின் கட்டிய கை அவிழ்ந்திருந்தது. நான் நிறுத்தியதும் அவர்தான் முதலில், “அண்ணன்காரன் உயிரோட இருக்கானா, இல்லியா? அத மட்டும் சொல்லிடுங்க” என்றார். அடுத்த முறை அவருடைய மனைவியும் கூட வந்தார். முக்காடு போட்டுக்கொண்டு கடைசியில் உட்கார்ந்தவர், முடிவதற்குள் மாரியாயி பக்கத்தில் நகர்ந்து வந்திருந்தார்.

இப்படி ஒன்று விட்டு ஒரு ஞாயிறு நடந்தது. பெண்கள் வாசகசாலைக்கு வரத் தொடங்கியது இதிலிருந்துதான். புந்தோங்கிலிருந்து வந்தார்கள், ரயில்வே குடியிருப்பிலிருந்து வந்தார்கள். வந்தவர்களில் வெள்ளைச் சேலைக்காரிகளும் உண்டு. அவர்களை நான் எதுவும் கேட்டதில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவேன்.

கதை முடிகிற நாள் வந்தது. அண்ணன் கிடைத்தான், ஆனால் அவன் வேறு ஆளாகிவிட்டிருந்தான், தங்கையை அடையாளம் காண அவனுக்கு நேரம் பிடித்தது. கடைசி வரியை வாசித்துப் புத்தகத்தை மூடினேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மாரியாயி கேட்டாள்:

“நாம எல்லாம் கேட்டுட்டோம். அஞ்சலைக்கு யாரு சொல்றது?”

முனியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“நான் சொல்லிக்கிறேன்” என்றார்.

அதன் பிறகு என் உத்தியோகம் எத்தனையோ வருஷம் ஓடியது. ஜப்பான் சண்டைக் காலம் வந்தது, போனது. நூலகரின் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். எவ்வளவோ பேர் இறந்தவர்களின் புத்தகத்தோடு அந்த மேசைக்கு வந்தார்கள். சிலருக்கு நாற்காலி போதும். சிலருக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். ஒருவர் மனைவி எடுத்த சமையல் புத்தகத்தைக் கொண்டுவந்து, அதில் அவள் செய்த பலகாரம் எது என்று படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொல்வதை நான் கேட்டால் போதுமாக இருந்தது. ஆள் பார்த்துத்தான் செய்ய வேண்டியிருந்தது.

கதை முடிந்த அந்த ஞாயிற்றுக்குப் பிறகு, அடுத்த வண்டிநாளில் முனியன் வந்தார். தாடி எடுத்திருந்தார். மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

“சொல்லிட்டேன்மா” என்றார். “கல்லறைக்குப் பக்கத்துல வண்டிய நிப்பாட்டி, ஒண்ணு விடாம சொன்னேன். கப்பல் மொதலாளி கொரல்கூடப் போட்டேன். மாடு ரெண்டும் மெரண்டு போச்சு.”

“அழுதீங்களா?”

“நடுவுல. அண்ணங்காரன் மொகத்தப் பாத்து முழிக்கிறான்ல, அந்த எடத்துல. அப்புறம் தொடச்சிக்கிட்டு மிச்சத்தச் சொன்னேன்.” துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். “அடுத்ததா ஒரு சிரிப்புக் கத குடுங்க. லயத்துல கேக்குறாங்க.” தரையைப் பார்த்தார். “எனக்கும் வேணும்.”

நான் அலமாரிகளைப் பார்த்தேன். சிரிப்புக் கதை எங்கே இருக்கிறது என்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை. மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து, நிறைய பேர் மௌனமாகப் படித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், கந்தையா ஐயாவின் குரல் உரக்கக் கேட்டது:

“மூண்டாம் தட்டில பாரும், பிள்ளை. நல்லது ஒண்டு இருக்கு.”